சிறிய கலப்பின நாய்: பிறப்பைப் பார்ப்பதா, உருவத்தைப் பார்ப்பதா?

நகரத்து மாடிக் குடியிருப்புகளிலும் சிற்றூர்த் திண்ணைகளிலும் இன்று மனிதரோடு ஒட்டி வாழும் சிறு நாய்களுள் மிகப் பல, கண்காட்சிகளில் பரிசு பெறும் ஜாதி நாய்களும் அல்ல, தெருவில் தாமாகவே பிழைத்துக்கொள்ளும் நாட்டு நாய்களும் அல்ல. ‘பொமரேனியன் கிராஸ்’ என்றும் ‘டாஷண்ட் கிராஸ்’ என்றும் அக்கம்பக்கத்தார் சொல்லிக்கொள்கிற, ஐந்து கிலோவுக்கும் பத்துக் கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள கலப்புப் பிராணிகள் அவை. இவற்றைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் வேரூன்றியிருக்கின்றன. கலப்பினமாதலால் நோய்நொடி அண்டாது, வீட்டில் மிஞ்சியதைப் போட்டாலே போதும் என்பது ஒன்று. சீமை நாயின் இரத்தம் கலந்ததாதலால் மெத்தையும் குளிர்சாதன அறையும் இல்லாமல் அது உயிர் தரிக்காது என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டும் ஒரே இடத்தில்தான் பிழைபடுகின்றன. இரண்டுமே நாயின் பிறப்பைக் கொண்டு அதன் தேவையைத் தீர்மானிக்கின்றன. கடந்த சில பத்தாண்டுகளில் கால்நடை வைத்தியமும் மரபியலும் திரட்டித் தந்திருக்கிற செய்திகளை ஒருங்கே வைத்துப் பார்க்குமிடத்து, இச்சிறு நாயின் போஷணையில் முதலில் நோக்க வேண்டியது அதன் சரீரத்தின் சிறுமையே என்றும், எந்த வம்சங்களின் கலப்பு என்பது அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது என்றும் நான் கருதுகிறேன்.

பொமரேனியனையே எடுத்துக்கொள்வோம். வடதுருவப் பிரதேசங்களில் சறுக்குவண்டி இழுத்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் வந்த இது, பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவின் பெயரைத் தாங்கி இங்கிலாந்துக்குச் சென்றபோது இன்றைய அளவைவிட மிகப் பெரியதாகவே இருந்தது. 1888-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தங்கியிருந்த விக்டோரியா மகாராணி, மார்கோ என்னும் சிற்றுருவ நாயை விரும்பிப் பெற்றுத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்ற பிறகு, சிறியதே சிறந்தது என்ற ருசி பரவி, சில தலைமுறைகளுக்குள் மூன்று கிலோவை ஒட்டிய குறுநாய் உருவாயிற்று. நம் நாட்டில் அதே பெயரால் வழங்கப்படுகிற வெண்ணிற நாய் பெரும்பாலும் ஸ்பிட்ஸ் வம்சத்தின் சற்றுப் பெரிய கிளையைச் சேர்ந்தது. வெளிநாட்டு நாய்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த 1980-களிலும் 1990-களிலும் நடுத்தரக் குடும்பங்களில் அது பெரிதும் பரவி, நாட்டு நாய்களோடு கலந்து, இன்று நாம் காணும் எண்ணற்ற வகைகளுக்கு மூலமாயிற்று.

மேல்நாடுகளிலோ இக்கலப்பு திட்டமிட்டே செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோர்க்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கித் தரும் சங்கத்தில் பணியாற்றிய வாலி கான்ரன், ஹவாயிலிருந்த பார்வையற்ற பெண்மணி ஒருவருக்காக, அவருடைய கணவருக்கு நாய் ஒவ்வாது என்ற காரணத்தால், 1989-இல் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். அது பெரிய நாய்தான். ஆயினும் அதன் புகழுக்குப் பிறகே காக்கர் ஸ்பானியல், காவலியர் முதலிய சிறு இனங்களைப் பூடிலோடு கலப்பது பெருவாணிபமாக வளர்ந்தது. பெற்றோர் நாய்களுக்கு யாதொரு பரிசோதனையும் செய்யாமல் கலந்து விற்கும் வியாபாரிகளைக் கண்டு கான்ரனே பிற்காலத்தில் மனம் நொந்து பேசினார். ஒவ்வாமை பற்றிய வாக்குறுதியும் நிலைக்கவில்லை. ஒவ்வாமை விளைவிக்கும் புரதம் நாயின் உமிழ்நீரிலும் தோலிலும் உண்டாவது. 2012-இல் நெதர்லாந்தில் நடந்த ஆராய்ச்சியில், ஒவ்வாமை தராதவை என்று பெயர் பெற்ற நாய்களின் ரோமத்தில் அப்புரதம் ஏனையவற்றைவிட அதிகமாகவே இருந்தது. ஆதலால் வீட்டில் இழுப்பு நோயுள்ள குழந்தை இருந்தால், ரோமம் உதிராத நாய் என்ற சொல்லை நம்பி வாங்குவதைவிட, அக்குழந்தையைச் சில நாள் அந்த நாயோடு பழகவிட்டுப் பார்ப்பதே விவேகம்.

கலப்பினத்துக்கு நோய் குறைவு என்ற நம்பிக்கைக்கு மரபியலில் ஆதாரம் இல்லாமலில்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒருங்கே வந்தால்தான் தலையெடுக்கும் நோய்க்கூறுகள், உறவுக்குள்ளேயே இணைசேர்க்கப்பட்ட வம்சங்களில் இரட்டித்து வெளிப்படுவதற்கும், வேறுபட்ட இரு வம்சங்கள் கூடும்போது மறைந்து நிற்பதற்கும் இடமுண்டு. ஆனால் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் கண்ட பலன் அவ்வளவு எளிமையாக இல்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 1995 முதல் 2010 வரை தம் மருத்துவமனையில் பதிவான 27,000-க்கு மேற்பட்ட நோய்க் குறிப்புகளைக் கொண்டு 24 பரம்பரை நோய்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டபோது, 10 நோய்கள் தூய இனங்களில் மிகுதியாகவும், முழங்காலின் உட்பந்தகம் அறுந்துபோவது என்ற ஒன்று கலப்பினத்தில் மிகுதியாகவும், எஞ்சிய 13 நோய்கள் இரு திறத்தாரிடையேயும் வேறுபாடின்றியும் காணப்பட்டன. லண்டனிலுள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2024-இல் பூடில் கலப்புகள் மூன்றை அவற்றின் பெற்றோர் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டபோது, நூற்றுக்கு 86-க்கு மேற்பட்ட ஒப்பீடுகளில் எவ்வித வேறுபாடும் தென்படவில்லை. அதே ஆண்டில் பிரிட்டனின் ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களை வைத்து ஆயுளைக் கணித்தவர்கள், தூய இனங்களின் இடைநிலை ஆயுளை 12.7 ஆண்டு என்றும் கலப்பினங்களின் ஆயுளை 12 ஆண்டு என்றும் கண்டனர்.

இக்கடைசிக் கணக்கைக் கொண்டு கலப்பினம் ஆயுள் குறைந்தது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. சிறியது, பெரியது, தெருவில் பிறந்தது, வளர்ப்பாளரிடம் பிறந்தது ஆகிய அனைத்தும் கலப்பினம் என்ற ஒரே தலைப்பின்கீழ்க் குவிக்கப்பட்டிருக்கின்றன. அக்கணக்கிலேயே என் கருத்துக்கு வலுவூட்டுகிற செய்தி வேறொன்று இருக்கிறது. எல்லாப் பிரிவுகளையும்விட நீண்டு வாழ்ந்தவை, முகம் நீண்ட சிற்றுருவ நாய்கள். அவற்றுள் பெண் நாய்களின் இடைநிலை ஆயுள் 13.3 ஆண்டு. கலப்பு ஏன் எப்போதும் காப்பதில்லை என்பதும் விளங்காத விஷயமன்று. முழங்கால் சில்லு நழுவும் குறை பொமரேனியனுக்கும் உண்டு, சிறிய பூடிலுக்கும் உண்டு, சிவாவாவுக்கும் உண்டு. இவற்றுள் எந்த இரண்டைக் கலந்தாலும் இரு பக்கத்திலிருந்தும் அதே குறைதான் வந்து சேரும்.

உருவச் சிறுமை என்பதுதான் என்ன? 2007-இல் ஐ.ஜி.எப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியின் மரபணுவில் சிறு நாய்கள் பொதுவாகத் தாங்கியிருக்கும் ஒரு வேறுபாடு கண்டறியப்பட்டது. 2022-இல், அதனோடு தொடர்புடைய மாற்றம் 54,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓநாயின் எலும்பிலேயே இருந்ததாகத் தெரியவந்தது. ஆகவே சிறுமை, மகாராணிகளின் விருப்பத்தால் நேற்று முளைத்ததன்று; மனிதன் அதைத் தேர்ந்து பெருக்கினானே ஒழியப் படைக்கவில்லை. சுபாவத்தில் இனத்தின் பங்கோ நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. 18,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் விசாரித்து, அவற்றுள் 2,000-க்கு மேற்பட்டவற்றின் மரபணுவையும் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், தனி நாய்களிடையே குணத்தில் காணும் வேற்றுமையில் நூற்றுக்கு ஒன்பது பங்கை மட்டுமே இனம் விளக்குகிறது என்று 2022-இல் அறிவித்தனர். கலப்பு நாயின் தகப்பன் யார் என்று துருவுவோர் இதை மனத்தில் இருத்துதல் நன்று.

இனி ஆகாரம். நம் வீட்டு நாய்க்குத் தயிர்சாதமே பிரதானம். நாய் மாமிச பக்ஷிணியாதலால் சோறு அதற்குச் சீரணியாது என்று சிலர் கண்டிப்பது சரியன்று. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் இரண்டே படிகளாக இருக்க, நாயிடம் அது பல மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். மனிதன் உழவு செய்யத் தொடங்கிய பின்னர் அவன் அடுப்படியில் வாழ்ந்து நாய் பெற்ற சம்பத்து இது. ஆகவே சோறு குற்றமுடையதன்று. சோறு மாத்திரமே என்பதுதான் குற்றம். புரதமும் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அதில் போதா. வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, கொஞ்சம் ஈரல், காரமும் வெங்காயமும் சேராத பருப்பு இவற்றைச் சோற்றோடு கலப்பதும், முடிந்தால் ஒரு வேளைக்கேனும் சமச்சீராகத் தயாரிக்கப்பட்ட நாயுணவைத் தருவதும் தக்கன.

அளவு பற்றிய நுட்பம் இங்கேதான் வருகிறது. ஓய்வில் இருக்கும் நாய்க்கு வேண்டிய சக்தியைக் கணக்கிடும் சூத்திரப்படி, 30 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 கலோரி வேண்டுமென்றால், 5 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 235 கலோரி வேண்டும்; எடை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தாலும் உணவு நாலில் ஒரு பங்குக்கு மேலாகவே நிற்கிறது. சிறிய வயிற்றுக்கு அடர்ந்த உணவைச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிறு குட்டி சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கால் தள்ளாடிச் சுருண்டு விழுவதுண்டு. அந்த நேரத்தில் ஈறில் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ தடவி, உடனே வைத்தியரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். ஆனால் வளர்ந்த நாய்க்கு வரும் ஆபத்து நேர்மாறானது. பாட்டி ஒரு பிஸ்கட், பேரன் ஒரு பிஸ்கட், மாலையில் காப்பியோடு இன்னொன்று என்று சேர்ந்தால், 5 கிலோ நாயின் ஒரு நாள் தேவையில் பெரும்பங்கு அதிலேயே முடிந்துவிடும். லாப்ரடார்கள் 48-ஐ வாழ்நாள் முழுதும் கவனித்து 2002-இல் வெளியான ஆராய்ச்சியில், நான்கில் ஒரு பங்கு குறைத்து உண்டவை ஏனையவற்றைவிட ஏறக்குறைய இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவை பெரிய நாய்களேயாயினும், சிறு நாயின் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்ற விதிக்கு இதுவும் ஆதாரம்.

விஷத்தின் விஷயத்தில் சிறுமை இன்னும் கொடியது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாறுதல் காட்டப் போதும் என்பதால், 5 கிலோ நாய்க்கு நடுத்தரமான ஒரே வெங்காயம் அபாயமாகும். சாம்பார்ச் சாதத்தைப் பிசைந்து வைக்கும் வீடுகளில் இது நாள்தோறும் சிறிது சிறிதாக நிகழ்கிறது. உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்திலும் கேசரியிலும் நாம் தாராளமாக இடும் அந்தப் பொருளைத் தரையில் சிந்தவிடுவது கூட உசிதமன்று. சாக்லேட், சர்க்கரையற்ற சூயிங்கத்திலுள்ள சைலிட்டால், மனிதருக்கான வலி மாத்திரைகள் இவை யாவும் நாய்க்கு விஷமே. நாய்க்குச் சுரம் என்று எண்ணி அரை மாத்திரை பாராசிட்டமால் கொடுப்போர், நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் என்பதையும், நம் கைக்கு அது எப்போதும் சூடாகவே தோன்றும் என்பதையும் அறிய வேண்டும்.

பற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் சிறு நாய்களை இவ்வளவு பரவலாக வருத்தி, இவ்வளவு குறைவாகக் கவனிக்கப்படும் நோய் வேறில்லை. ஓநாய்க்கு 42 பற்கள். விரல் நீளத் தாடையுள்ள குறுநாய்க்கும் அதே 42. இடமில்லாமல் அவை நெருங்கியும் திரும்பியும் முளைக்கின்றன. இடுக்குகளில் உணவு தங்கிக் காரையாகி, ஈறு பின்வாங்கி, எலும்பு கரைகிறது. குட்டிக்கு ஐந்தாறு மாதமாகும்போது உதட்டை மெல்லத் தூக்கிக் கோரைப் பல் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஊசி முனையுள்ள மெல்லிய பால்பல் ஒன்றும், அதன் பக்கத்திலேயே தடித்த நிலைப்பல் ஒன்றுமாக இரண்டு நின்றால், பால்பல் தானாக விழாமல் தங்கிவிட்டது என்று பொருள். அதை வைத்தியர் எடுத்துவிடாவிட்டால் நிலைப்பல் வாழ்நாள் முழுதும் கோணியே நிற்கும். நாய்க்கென்று விற்கும் பற்பசையைச் சிறு தூரிகையில் இட்டு நாள்தோறும் தேய்க்கக் குட்டிப் பருவத்திலேயே பழக்கிவிட்டால், பிற்காலத்தில் மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்கும் துன்பத்தில் பெரும்பகுதி நீங்கும்.

முழங்கால் சில்லு நழுவுவதை இனங்காண்பதும் கடினமன்று. ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று எட்டுத் தாவி, மறுபடியும் ஒன்றும் நடவாததுபோல் நான்கு காலாலும் ஓடும். அதை விளையாட்டு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். எடையைக் குறைத்து, வழுக்கும் தரையில் சாக்கு விரித்து, கட்டிலிலிருந்து குதிக்கவிடாமல் காத்தால் இலேசான நழுவல் அவ்வளவில் நிற்கும். முற்றியதற்குச் சத்திரசிகிச்சை உண்டு. பொமரேனியன் வழியில் வந்தவற்றுக்கு மூச்சுக்குழல் தட்டையாகும் குறையும் ஏற்படுகிறது. வாத்து கத்துவதுபோன்ற வறண்ட இருமல் அதன் அடையாளம். இத்தகைய நாயின் கழுத்தில் பட்டையிட்டுச் சங்கிலியால் இழுப்பது கொடுமை. மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸே ஏற்றது.

தமிழ்நாட்டின் உஷ்ணத்தில் இந்நாய்கள் படும் பாடு தனி. நாய்க்குப் பாதங்களில் மட்டுமே வியர்வை. மற்ற வெப்பம் பெரும்பாலும் இரைப்பின் வழியாகவே வெளியேற வேண்டும். சித்திரை வெயிலில் மதியம் நடக்க வைக்காமல், விடியற்காலையிலும் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகும் நடத்த வேண்டும். இரட்டை அடுக்கு ரோமமுள்ள ஸ்பிட்ஸ் கலப்புகளுக்குக் கோடையில் மொட்டையடிப்பது நல்லதென்று கருதுவது தவறு. மேலடுக்கு வெயிலைத் தடுக்கிறது, வழித்த ரோமம் பலவற்றுக்குச் சரியாக வளர்வதுமில்லை. உள்ளடுக்கில் உதிர்ந்து சிக்கிய ரோமத்தைச் சீப்பால் வாரி எடுத்தாலே காற்றோட்டம் கிடைக்கும். நாய் இரைத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் முதலில் நீரூற்றி விசிறியடியில் கிடத்திக் குளிர்வித்து, அதன்பின் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

உண்ணியைச் சாதாரணமாக நினைப்பவர் பலர். நாய்களின் சிவப்பணுக்களை அழிக்கும் பபேசியா கிப்சோனி என்ற கிருமி, 1910-இல் சென்னையில் வேட்டைச் சங்கமொன்று வளர்த்த நாய்களின் இரத்தத்தில்தான் பாட்டன் என்பவரால் முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வகையில் இது நம் மண்ணுக்கே உரிய பழைய சத்துரு. அல்ஜீரியாவில் 1935-இல் கண்டறியப்பட்ட எர்லிச்சியா என்ற மற்றொன்றும் இங்கே மிகச் சாதாரணம். நாய் உண்ணாமல் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ தாமதியாமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இருவகைக் காய்ச்சலுக்கும் மருந்து வேறு வேறு. பழுப்பு நிற நாயுண்ணி வீட்டுக்குள்ளேயே தன் வாழ்வை நடத்த வல்லது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் ஆகிய இடங்களை நாள்தோறும் தடவிப் பார்ப்பதோடு, சுவரிடுக்குகளையும் கவனிக்க வேண்டும். மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து சிறு நாயின் மேல் ஊற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. நக்கி விழுங்கிய நாய் வலிப்பு வந்து துடிக்கும். எடைக்கேற்ற மாத்திரையும் சொட்டு மருந்தும் இன்று கிடைக்கின்றன.

தடுப்பூசி ஒன்றில் மட்டும் என் வாதத்துக்கு விலக்கு உண்டு. நாய் சிறியதென்று பாதி மருந்து போடச் சொல்வோர் இருக்கிறார்கள். தடுப்பூசியின் அளவு எடையைப் பொறுத்ததன்று, சிறியதற்கும் பெரியதற்கும் ஒன்றே. ஆயினும் ஒரே நாளில் பல ஊசிகள் போட்டால் ஒவ்வாமை நேர்வது சிறு நாய்களில் சற்று அதிகமாகையால், அவற்றைச் சில வாரம் இடைவிட்டுப் பிரித்துப் போடுமாறு வைத்தியரைக் கேட்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளைப் பயனற்றதாக்கக்கூடும் என்பதால், மூன்று நான்கு வாரத்துக்கொரு முறையாகப் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். 1978-ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் பரவிய பார்வோ நோய் குட்டிகளைச் சில நாட்களிலேயே வாந்தியாலும் இரத்த பேதியாலும் மாய்த்துவிடும். வெறிநோய் ஊசியை வீட்டைவிட்டு வெளியேறாத மடிநாய்க்கும் தவறாது போட வேண்டும். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், அந்நோய் தோன்றியபின் காக்கும் வழி இன்றுவரை இல்லை. சிறிய பல்லின் கீறலாயினும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனப்பெருக்கத்தைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். சிறு பெண் நாய் தன்னைவிடப் பெரிய தெரு நாயோடு சேர்ந்தால், குட்டியின் தலை வெளிவராமல் தாயும் சேயும் மடிய நேரிடலாம்; பாலூட்டும் வாரங்களில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வலிப்பு வருவதும் சிறு தாய்களுக்கே அதிகம். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயது ஏறும்போது கருப்பையில் சீழ் கட்டும் அபாயமும் உண்டு. குட்டிகளைப் பெற்று வளர்க்கும் உத்தேசம் இல்லாத இல்லத்தில் கருத்தடையே தயை.

வளர்ப்பு முறைக்கு ஆதாரமாகக் கொள்ளத் தக்க நூல் ஒன்று 1965-இல் வெளிவந்தது. அதை எழுதிய ஸ்காட், புல்லர் என்ற இருவரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில், காக்கர் ஸ்பானியலையும் ஆப்பிரிக்கப் பசெஞ்சியையும் கலந்து தலைமுறை தலைமுறையாகக் கவனித்தவர்கள். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான பருவத்தில் மனிதரோடு பழகாத குட்டி பிற்காலத்தில் அஞ்சி ஒதுங்குகிறது என்பதை அவர்கள் நிலைநாட்டினர். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கலாகாது என்று நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுவதால், அப்பருவத்தின் முற்பாதி தாயிடமும் பிற்பாதி நம்மிடமும் கழிகின்றன. இந்தப் பிற்பாதியில்தான் சிறு நாய்க்கு அநியாயம் நேர்கிறது. பெரிய நாய் உறுமினால் அனைவரும் விலகுவர். சிறியது உறுமினால் சிரித்துக்கொண்டே தூக்குவர். எச்சரிக்கை பலிக்காது என்று கற்ற நாய் எச்சரிக்கையை விட்டுவிட்டு நேரே கடிக்கிறது. சிறு நாய்களின் கடுகடுப்புக்கு அவற்றை வளர்ப்போரின் ஒழுங்கின்மையும் பயிற்சியின்மையும் காரணமாவதை வியன்னாவின் ஆராய்ச்சியாளர் 2010-இல் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கேட்காமல் தூக்காதிருத்தல், உண்ணும்போது தொடாதிருத்தல், அழைத்தால் வரவும் இருக்கச் சொன்னால் இருக்கவும் பழக்குதல், நாள்தோறும் தன் காலால் நடக்கவிட்டுத் தெருவை மோப்பம் பிடிக்கவிடுதல் ஆகியவை சிறியதற்கும் பெரியதற்கும் பொதுவான கடமைகள். தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாயை முன்கூட்டியே நடத்தி, உணவளித்து, ஜன்னல் அடைத்த உள்ளறையில் தனக்குப் பழகியவரோடு இருத்த வேண்டும். நடுக்கம் மிகுதியாயின் அதற்கான மருந்தை வைத்தியரிடம் பண்டிகைக்கு முன்பே பெற்றுக்கொள்ளலாம்.

சிறு நாய் நெடுநாள் வாழ்வதாலேயே அதன் முதுமையும் நீண்டது. அக்காலத்தில் அதைத் தாக்கும் நோய்களுள் தலையானது இருதயத்தின் இடப்புற வால்வு தடித்து ஒழுகுவது. இது பல ஆண்டுகள் வெளியே தெரியாமல், வைத்தியரின் குழாய்க்கு மட்டும் முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கும். முணுமுணுப்போடு இருதயம் பெருத்திருந்தும் இன்னும் இருமலோ இரைப்போ தோன்றாத நாய்களுக்குப் பைமோபெண்டான் என்ற மருந்தைத் தொடங்கினால், இருதயம் செயலிழக்கும் நாள் ஏறக்குறைய பதினைந்து மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-இல் வெளியான பல நாட்டு ஆராய்ச்சி காட்டிற்று. பன்னிரண்டு பதிமூன்று ஆண்டு வாழும் பிராணிக்குப் பதினைந்து மாதம் சிறிதன்று. ஆகவே ஏழெட்டு வயதான சிறு நாயை, யாதொரு நோயும் இல்லாவிடினும், ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதிப்பது அவசியம். முணுமுணுப்பு கண்ட நாயின் வீட்டார், அது அயர்ந்து உறங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று வாரந்தோறும் எண்ணிக் குறித்து வருதல் வேண்டும். 30-க்கு உட்பட்டிருக்கும் வரை கவலையில்லை, அதைத் தாண்டி எண்ணும் போதெல்லாம் கூடுதலாகவே வருமானால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாமாதலால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.